வைத்தியனுக்கும் வாணியனுக்கும் நடுவே

குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் சித்தன்னவாசல் ஓவியங்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் நெடுநாள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நிறைவேறியது. திரும்பும் வழியில் அன்னவாசலைக் கடந்து, விராலிமலைச் சாலையில் இலுப்பூரை அடைந்தபோது மாலையாகிவிட்டது. தேநீர் குடிக்காமல் அடுத்த ஊருக்குப் போவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி வண்டியை நிறுத்தினோம்.

கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. எங்களுள் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இரண்டு வடைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர் அவர். "ஐயா, உங்களுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதே, மாத்திரை போட்டுக்கொண்டுதானே வருகிறீர்கள்?" என்று இளையவர் ஒருவர் தயக்கத்துடன் கேட்டார்.

"மாத்திரையை நிறுத்தி நாலு மாசமாச்சு தம்பி. வைத்தியனுக்குக் குடுக்கறதை வாணியனுக்குக் குடுத்துட்டேன். காலையில ரெண்டு ஸ்பூன் செக்குத் தேங்காயெண்ணெய். அவ்வளவுதான் வைத்தியம்!"

நாங்கள் சிரித்தோம். பழமொழியை அவர் பொருத்திய அழகு அப்படி. வண்டி விராலிமலையைத் தாண்டிய பின்புதான் நாம் எதைக் கேட்டுச் சிரித்தோம் என்பது உறைத்தது. இதய நோயாளி ஒருவர், மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், உயிர்காக்கும் மருந்தை நிறுத்தியிருக்கிறார். அதற்கு அவர் காட்டிய சான்று ஒரு பழமொழி. தமிழ் படித்தவர்கள் ஆறுபேர் அதைக் கேட்டு, சொல்நயத்தை வியந்து, தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எழுதப்பட்டவற்றைத் தேடிப் படிப்பதும் ஒன்றோடொன்று ஒப்புநோக்குவதும் எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தை இம்முறை எண்ணெயின் பக்கம் திருப்பினோம்.

இலுப்பையின் ஊரில்

இலுப்பூரின் பெயரிலேயே ஓர் எண்ணெய் மரம் நிற்கிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அதே மரத்தின் கொட்டையை ஆட்டினால் வருவது இலுப்பெண்ணெய். கோயில் விளக்குக்கு அதுதான், சோப்புக்கு அதுதான், எஞ்சிய பிண்ணாக்கு தலை தேய்த்துக் குளிக்க. வறண்ட ஊர்களில் ஏழை வீட்டுச் சமையலுக்கும் அது பயன்பட்டதுண்டு. ஒரு மரம் ஓர் ஊருக்கு இவ்வளவும் செய்திருக்கிறது.

பழமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், நம் இதயத்துக்கு இலுப்பெண்ணெயைவிட உகந்தது வேறொன்று இருக்க முடியாது. ஆனால் அதன் கொழுப்பு அமிலங்களைப் பகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. குளிர்ந்த காலையில் அது வெண்ணெய்போல உறைந்துகொள்வதன் காரணமும் அதுவே. அந்த நிறைவுற்ற பகுதியில் கணிசமான பங்கு ஸ்டியரிக் அமிலம். அது இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் உயர்த்துவதில்லை. மற்றொரு பங்கு பாமிட்டிக் அமிலம், அது உயர்த்தும். ஆக, இலுப்பெண்ணெயை அமுதமென்றோ நஞ்சென்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஓர் எண்ணெய் எத்தனை நூற்றாண்டுப் பழமையானது என்பதை நம் கல்லீரல் கேட்பதில்லை. உள்ளே வந்த கொழுப்பு என்ன வகை, எவ்வளவு என்ற இரண்டைத்தான் அது கேட்கிறது.

கல்லீரல் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரால் என்ற சொல்லே இன்று வசைச்சொல்லாகிவிட்டது. உண்மையில் அது இல்லாமல் உடலில் ஓர் உயிரணுச் சுவர்கூட நிற்காது. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. சிக்கல் அது பயணம் செய்யும் வகையில் இருக்கிறது. எண்ணெய் நீரில் கலக்காது, இரத்தமோ நீர். ஆகவே கொலஸ்ட்ரால் புரதப் பொதிகளில் ஏறித்தான் பயணம் செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்று எல்.டி.எல். இரத்தத்தில் இந்தப் பொதிகள் மிகுந்து நெடுநாள் சுற்றிக்கொண்டிருந்தால், தமனிச் சுவர்களுக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. அங்கே படியும் கொழுப்புதான் பின்னொரு நாள் வெடித்து, இரத்தம் உறைந்து, மாரடைப்பாகிறது.

1913-இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1958-இல் ஆன்சல் கீஸ் ஏழு நாடுகளில் உணவையும் இதய நோயையும் ஒப்பிடும் ஆய்வைத் தொடங்கினார். எல்.டி.எல். பொதிகளைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் உயிரணுக்களில் இருப்பதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த ஏற்பிகளைப் படகுத்துறைகளாக நினைத்துக்கொள்ளலாம். துறைகள் பல திறந்திருந்தால் படகுகள் கரையேறிவிடும். இரத்தத்தில் நெரிசல் குறையும். கல்லீரலில்தான் இத்துறைகள் மிகுதி. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ணும்போது துறைகள் குறைகின்றன. நிறைவுறாக் கொழுப்பு அவ்விடத்தைப் பிடிக்கும்போது கூடுகின்றன. ஸ்டாட்டின் என்ற மாத்திரை செய்வதும் இதையே: கல்லீரலின் சொந்த உற்பத்தியைத் தடுத்து, அதைத் துறைகளைத் திறக்கும்படி நிர்ப்பந்திக்கிறது.

இனி நம் அடுக்களை அலமாரிக்கு வருவோம். நூறு பங்கு கொழுப்பில் நிறைவுற்றது தோராயமாக எவ்வளவு?

தேங்காய் எண்ணெய் – 90
நெய் – 60-க்கு மேல்
பாமாயில் – 50
இலுப்பெண்ணெய் – 40 முதல் 50
கடலை எண்ணெய் – 17 முதல் 20
நல்லெண்ணெய் – 15
சூரியகாந்தி எண்ணெய் – 11

தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் தனிவகை, அது தீங்கு செய்யாது என்ற வாதம் உண்டு. ஐயாவின் வாதமும் அதுவே. 2020-இல் பல சோதனைகளை ஒன்றுதிரட்டிய ஆய்வொன்று, வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகக் கண்டது. எச்.டி.எல். என்ற 'நல்ல' கொலஸ்ட்ராலும் 4 மில்லிகிராம் அளவில் உயர்ந்தது. நல்லதும் உயர்கிறதே என்று மகிழலாமா? எச்.டி.எல்.-ஐ உயர்த்தவென்றே செய்யப்பட்ட மருந்துகள் மாரடைப்பைத் தடுக்கத் தவறிவிட்டன. அவற்றுள் ஒன்றான டார்செட்ராபிப்பின் சோதனை, மருந்து உண்டவர்களிடையே இறப்பு மிகுந்ததால் 2006-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. எல்.டி.எல்.-இன் கதை வேறு. மருந்தால் அதை 39 மில்லிகிராம் குறைத்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் தாக்குதல்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல பெருஞ்சோதனைகளின் கூட்டு முடிவு.

அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு

'அறிவியல் நேற்று ஒன்று சொன்னது, இன்று ஒன்று சொல்கிறது, எதை நம்புவது?' என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

1937-இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி, நெய்போல் உறையவைத்த வனஸ்பதி அது. கலியாண வீடுகளும் இனிப்புக் கடைகளும் பேக்கரிகளும் அதை ஏற்றுக்கொண்டன. விலங்குக் கொழுப்பு ஆகாது என்று சொல்லப்பட்ட காலத்தில் 'தாவரம்' என்ற சொல்லே சான்றிதழாயிற்று. ஹைட்ரஜன் ஏற்றும்போது பிறக்கும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ உயர்த்துவதோடு எச்.டி.எல்.-ஐக் குறைக்கவும் செய்கிறது என்று 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க்கும் காத்தானும் காட்டினர். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு நூற்றுக்கு 2-க்கு மிகாதிருக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. கண்டறிந்தபின் முப்பதாண்டுக்கு மேல்! அத்தனை காலமும் நாம் தின்ற பஃப்ஸுக்கு யார் பொறுப்பு?

விளம்பரக்காரர்களும் தம் பங்கைச் செய்தார்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணெய்ப் பாக்கெட்டுகளை நாம் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் கொள்ளத்தக்க கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. அதைப் பெருமையாக அச்சிடுவது, வாழைப்பழத்தில் முள் இல்லை என்று பலகை வைத்து விற்பதற்கு ஒப்பாகும். உணவில் உள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலோரிடம் இரத்த அளவைச் சிறிதளவே மாற்றுகிறது. நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் மாற்றும் அளவே பெரிது. அதனால்தான் அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற கொலஸ்ட்ரால் வரம்பைக் கைவிட்டது. அந்தச் செய்தி நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது 'கொலஸ்ட்ரால் ஒரு பொய்' என்று உருமாறிவிட்டது. ஐயாவின் கைப்பேசியில் அந்தக் காணொளிதான் இருந்தது.

எதிர்ச்சான்றுகளையும் படிப்போம்

எங்கள் பக்கத்துச் சான்றுகளை மட்டும் அடுக்கினால் அது வாதம் ஆகாது, வக்காலத்து ஆகும். எனவே மறுபக்கத்தையும் பார்ப்போம்.

1967-இல் மல்ஹோத்ரா என்ற மருத்துவர் இந்திய ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து ஒரு பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். பஞ்சாபியர் நம்மவரைவிடப் பன்மடங்கு கொழுப்பு உண்டனர். அதுவும் பெரும்பாலும் பால் கொழுப்பு. எனினும் இதய நோய் தென்னிந்தியரிடம்தான் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. நெய்க் கட்சியினர் இன்றுவரை கையிலேந்தும் வாள் இது. 1981-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தேங்காயே முதன்மை உணவான டோக்கிலாவ், புகாபுகா என்ற பசிபிக் தீவு மக்களிடம் இரத்தக்குழாய் நோய் அரிதாக இருந்ததைக் கூறிற்று. 2017-இல் 18 நாடுகளில் 1,35,000 பேரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு, மாவுச்சத்தை மிகுதியாக உண்டோரிடம்தான் இறப்பு மிகுதி என்றது. 1968 முதல் 1973 வரை மின்னசோட்டாவில் நடந்த ஒரு சோதனையின் பழைய தரவுகளை 2016-இல் மறுபடி ஆராய்ந்தபோது, சோள எண்ணெயால் கொலஸ்ட்ரால் குறைந்தும் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது.

இவற்றை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் எல்லைக்குள் வாசிக்க வேண்டும். ரயில்வே ஆய்வும் தீவு ஆய்வும் பியூரும் மக்களை உள்ளவாறு கவனித்தவை. பஞ்சாபியருக்கும் சென்னை மாகாணத்தாருக்கும் இடையே வேறுபட்டது நெய் ஒன்றுதானா? கோதுமையும் அரிசியும், உடலுழைப்பும், உடல்வாகும் எல்லாமே வேறு. தீவு மக்கள் தேங்காயைக் கடல்மீனோடு உண்டனர். நாம் இட்லி, தோசை, பிஸ்கட், இனிப்புக் காப்பியோடு உண்கிறோம். அதோடு, தேங்காய் மிகுதியாக உண்ட டோக்கிலாவ் மக்களுக்கே கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் செய்திதான். எடுத்துக்காட்டுவோர் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

மறுபுறம், மக்களைப் பிரித்து உணவை மாற்றிப் பார்த்த சோதனைகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் மட்டுப்படுத்தியவர்களிடம் இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டது. இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை.

இந்த முரண்களுக்குள் கை நுழைத்துத் துழாவியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு கேள்வி: எதற்குப் பதிலாக எது? நெய்யை நிறுத்தி அந்த இடத்தில் கடலை எண்ணெயையோ, ஒரு பிடி வேர்க்கடலையையோ வைத்தால் நன்மை. நெய்யை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் நன்மை ஏதுமில்லை. நெய்க்குப் பதில் வனஸ்பதி என்றால் கேடு. 'நெய் நல்லதா கெட்டதா' என்று மொட்டையாகக் கேட்டால் எந்த ஆய்வும் சரியான விடை தராது.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், எல்.டி.எல். மிகுந்தோர் நூற்றுக்குச் சுமார் 12 பேர், ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் சுமார் 30 பேர், எச்.டி.எல். குறைந்தோர் 72 பேர்! பின்னிரண்டும் எண்ணெயைவிடச் சோற்றையும் சர்க்கரையையும் உட்கார்ந்த வாழ்க்கையையும் நோக்கியே விரல் நீட்டுகின்றன. சென்னையில் நடந்த ஆய்வில் அன்றாட ஆற்றலில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. எண்ணெய்ப் பாட்டிலை மாற்றிவிட்டுச் சோற்று மலையை அப்படியே வைத்திருப்பவன் பாதி வேலையைத்தான் செய்கிறான்.

செக்கின் மீது காதல்

செக்கு எண்ணெய் மீது எங்களுக்கும் காதல் உண்டு. எழுத்துப் பொறித்த கற்செக்குகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. சூடேற்றிச் சுத்திகரிக்காததால் அதில் வைட்டமின் ஈ முதலிய சில நற்பொருள்கள் கூடுதலாகத் தங்குகின்றன. உள்ளூர் உழவருக்கும் செக்குக்காரருக்கும் பணம் போய்ச் சேருகிறது. இத்தனையும் உண்மை.

ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் தேங்காய் எண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பு 90 பங்குதான். செக்கு கொழுப்பு அமிலங்களை மாற்றுவதில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரியாகக் காயாத, பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைத் தாக்குவது. ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரிதும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. ஆகவே செக்குக்குப் போகிறவர் கடலையைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நம் பாட்டிமார் முறத்தை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. செக்கைப் போற்றுகிறவர்கள் முறத்தை மறந்துவிட்டார்கள்!

ரேஷன் கடையும் வடைச் சட்டியும்

எந்த எண்ணெய் என்று தேர்ந்தெடுப்பது காசுள்ளவர்களின் சுகம். 2007 முதல் தமிழக ரேஷன் கடைகளில் பாமாயில் மலிவு விலையில் வழங்கப்பட்டு வருகிறது. லிட்டர் 25 ரூபாய். வெளியில் கடலை எண்ணெய் விற்கும் விலைக்கு அருகில் இதை வைத்துப் பார்த்தால், கூலிவேலை செய்யும் குடும்பம் எதை வாங்கும் என்று கேட்கத் தேவையில்லை. விலைவாசி ஏறிய நாட்களில் ஏழை வீட்டு அடுப்பில் தாளிப்பு நின்றுவிடாமல் காத்தது அத்திட்டம். அதைப் பழிப்பது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறைவுற்ற கொழுப்புக் குறைந்த எண்ணெய்களோடு ஒப்பிட்டால் பாமாயில் எல்.டி.எல்.-ஐச் சுமார் 9 மில்லிகிராம் உயர்த்துகிறது என்று 2015-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. ஒருவருக்கு இது சிறு எண். ஒரு மாநிலமே உண்ணும்போது இது சிறு எண் அன்று. கடல் கடந்து வரும் எண்ணெயை அரசு மானியத்தில் தர முடியுமென்றால், புதுக்கோட்டைச் செம்மண்ணில் மானாவாரியாக விளையும் கடலையின் எண்ணெயை, மாதம் அரை லிட்டராவது, அதே கடையில் தர முடியாதா? உள்நாட்டு எண்ணெய்களை ரேஷனில் வழங்கக் கோரும் உழவர்கள் தம் விளைச்சலின் விலைக்காகப் பேசுகிறார்கள். அதே கோரிக்கையை உண்பவர்களின் தமனிகளுக்காக நாம் பேச வேண்டும். தென்னை உழவர் தேங்காய் எண்ணெயையும் சேர்க்கச் சொல்கிறார். அவர் துயரம் மெய். எனினும், பாமாயிலின் இடத்தில் தேங்காய் எண்ணெயை வைப்பது இதயத்துக்கு உதவாது என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் நேர்மையும் நமக்கு வேண்டும்.

இலுப்பூர்க் கடையின் வடைச் சட்டிக்கும் வருவோம். தமிழகத்தின் எந்த ஊர்க் கடையிலும் காண்கிற சட்டிதான் அது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, குழைந்து, பல கேடான சேர்மங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அச்சேர்மங்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் விதி. விதி தெரிந்த கடைக்காரர் எத்தனை பேர்? தெரிந்தாலும், மீந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுநாள் புது எண்ணெய் ஊற்ற ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வடையில் என்ன மிஞ்சும்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு மனமில்லை. பழைய எண்ணெயை எரிபொருளுக்காக விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடு பெருநகரங்களில் வளர்கிறது. அது சிற்றூர்த் தேநீர்க் கடை வாசலுக்கு வந்தால் கடைக்காரரே முன்வந்து கொடுப்பார்.

விளக்குக்கு ஓர் உழக்கு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு 96 ஆடுகளின் கணக்கு தெரிந்திருக்கும். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்டு நெய் அளக்க வேண்டியவர் இன்னார் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அளக்கும் மரக்காலுக்குப் பெயர்கூட உண்டு. ஒரு விளக்கு எவ்வளவு கொழுப்பை உண்ணும் என்பதை அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழக்களவுக்குத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

நம் வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று எங்கள் குழுவினரிடம் கேட்டுப் பார்த்தோம். ஆண்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. உட்கார்ந்தே வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் சமையல் எண்ணெய் போதும் என்பது அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல். நெய்யும் வெண்ணெயும் இதற்குள் அடக்கம். நால்வர் உள்ள வீட்டுக்குக் கணக்கிட்டால் மாதம் சுமார் 3 லிட்டர். அதையும் ஒரே எண்ணெயாக வாங்காமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. நெய்யும் தேங்காய் எண்ணெயும் மணத்துக்கு. பண்டிகைக்கு வனஸ்பதி வேண்டவே வேண்டாம். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் காயையும் ஏற்றுவது. எங்கள் தேடலில் கிடைத்த நடைமுறை விடை இவ்வளவுதான்.

பழமொழியை மறுபடி வாசித்தல்

இனி ஐயாவின் பழமொழிக்கு வருவோம். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. தமிழாசிரியர் சொன்னதைத் தமிழ்வழியாகவே மறுப்பதுதான் மரியாதை.

அப்பழமொழி யாரைப் பார்த்துப் பேசுகிறது? நோய் வரும் முன்னே நிற்பவனைப் பார்த்து. பின்னால் மருந்துக்குச் செலவிடப் போவதை இன்றே நல்ல உணவுக்குச் செலவிடு என்கிறது. பெரும்பாலோர் வீட்டில் கொழுப்பே அரிதாக இருந்த காலத்தின் சொல் அது. எண்ணெய் வாங்க முடியாமையே அன்று நோய். ஏற்கெனவே வைத்தியனிடம் சென்று, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவனிடம், மாத்திரையை வீசிவிட்டு எண்ணெய் குடி என்று அது எங்கும் சொல்லவில்லை. மாத்திரை எல்.டி.எல்.-ஐ மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைக்கும். தேங்காய் எண்ணெய் அதைக் கூட்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்தவர் இரண்டு வழியிலும் எதிர்த்திசையில் நடந்துவிட்டார்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஐயாவின் வீட்டுக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டார். "பழமொழிக்கு உரை எழுத ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தார். அவர் துணைவியார் உள்ளேயிருந்து வந்து, "இவர் சொன்னா நானும் நம்பிட்டேன் தம்பி, தமிழ்ல சொன்னாரே" என்றார். மறுவாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போனார். எண்ணை வெளியிட எங்களுக்கு அனுமதியில்லை. மருத்துவர் கடிந்துகொள்ளாமல் மாத்திரையை மறுபடி எழுதிக்கொடுத்தாராம். தேங்காய் எண்ணெய் இப்போது தலைக்கும் அவியலுக்கும் மட்டும்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொலஸ்ட்ரால் மாத்திரையை ஓசையில்லாமல் நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்கள் அழகான பழமொழியொன்றைச் சொன்னால், எங்களைப்போல் சிரித்துவிட்டு வண்டி ஏறிவிடாதீர்கள்.